மாமா வாசிக்காமல் விட்ட வரி

என் அக்கா நீலாயதாட்சி 1978 தை மாதம் செத்துப்போனாள். அவளுக்குப் பதினேழு வயது, எனக்குப் பதின்மூன்று. கோட்டுச்சேரியில் எங்கள் தெருவில் எல்லோரும் பேய் அடித்துச் செத்தாள் என்றார்கள். இன்றைக்கும் சிலர் அப்படித்தான் சொல்கிறார்கள். பேயும் இல்லை, பிசாசும் இல்லை. அவளுக்கு ஒரு வியாதி. அந்த வியாதிக்கு ஒரு பெயர் இருந்தது, ஒரு மாத்திரையும் இருந்தது.

அவளுக்கு முதலில் போனது கையெழுத்து. ஒன்பதாம் வகுப்பில் அவள் நோட்டை டீச்சர் மற்ற பிள்ளைகளுக்கு எடுத்துக் காட்டுவார். பத்தாம் வகுப்பில் அதே எழுத்து கோழி கிளறிய மாதிரி ஆயிற்று. திமிர் பிடித்து அலைகிறாள் என்று அதே டீச்சர் அவள் விரல்முட்டியில் ஸ்கேலால் அடித்தார். பிறகு டம்ளரைப் பிடித்தால் தண்ணீர் சிந்தியது. பிறகு பேச்சு குழறியது, கடைவாயில் எச்சில் ஒழுகியது. வேப்பிலை அடித்தார்கள். நாகூருக்குக் கொண்டுபோய் ஒரு வாரம் வைத்திருந்தோம். ஒரு மந்திரவாதி அவள் முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, "யாரு நீ? சொல்லு, யாரு நீ?" என்று கேட்டான். அவள் அந்தக் குழறிய வாயால், "நான் நீலா" என்றாள். பொய் சொல்லுது என்று இன்னும் இழுத்தான். அவள் மறுபடியும், "நான் நீலாதான்" என்றாள். அந்த ஆளை இப்போது பார்த்தாலும் அடையாளம் சொல்வேன்.

எங்கள் அப்பா கருப்பையன் எனக்கு நாலு வயதில் இறந்துவிட்டார். அம்மா அஞ்சுகம் நடவுக்கும் களையெடுக்கவும் போய் எங்கள் இருவரையும் வளர்த்தாள். அப்பா அவளுக்குச் சொந்தத் தாய்மாமன். வயதில் பெரியவர். அதனால் அம்மாவுக்குப் பிறந்த வீடும் புகுந்த வீடும் ஒரே சாதிசனம்தான். அவளுடைய அண்ணன் நீலமேகம் மாமா காரைக்கால் டவுனில் ஒரு கவர்ன்மெண்ட் ஆபீசில் கிளார்க். வெள்ளைச் சட்டை, பேனா, இங்கிலீஷ். எங்கள் வீட்டுக்குத் தபால் வந்தாலும் சரி, ரேஷன் கார்டில் பெயர் திருத்தவேண்டும் என்றாலும் சரி, மாமா வந்துதான் படித்துச் சொல்லவேண்டும். அவர் சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை.

கடைசியில் அக்காவை மெட்ராசுக்குக் கூட்டிப்போனதும் அவர்தான். அங்கே ஓர் ஆஸ்பத்திரியில் இருபத்திரண்டு நாள் வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபோது அக்காவை இரண்டு பேர் தூக்கி இறக்கினார்கள். மாமா கையில் இரண்டு தாள் பின் குத்தி இருந்தது.

"அண்ணே, என்ன எழுதியிருக்காங்க?" என்று அம்மா கேட்டாள்.

மாமா முதல் தாளைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஈரல் கெட்டுப்போச்சாம். மூளையையும் பாதிச்சிருச்சாம். இனிமே வீட்டுல வச்சுப் பாத்துக்கங்கன்னு சொல்லிட்டாங்க அஞ்சுகம்."

"அந்த ரெண்டாவது தாளு?"

"அது மருந்து பேருங்க. நமக்கு என்ன புரியும்."

ஒன்பதாம் நாள் அக்கா போனாள். அம்மா அந்தத் தாள்களை ட்ரங்குப் பெட்டியில் அப்பாவின் போட்டோவுக்கு அடியில் வைத்தாள். ஒவ்வொரு வருஷமும் அக்கா திதியன்று எடுத்து, மஞ்சள் தடவி, கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே வைப்பாள். அவளுக்குப் படிக்கத் தெரியாது. எனக்கோ அந்த இங்கிலீஷ் கிறுக்கல் புரியாது.

நான் பத்தாவது முடித்தேன். பத்தொன்பது வயதில் மாமாதான் எனக்கு வரன் கொண்டுவந்தார். சாதாரண வரன் இல்லை, சொல்தா குடும்பம். காரைக்காலில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துப் பென்ஷன் வாங்குகிறவர்களுக்கு அப்படித்தான் பெயர். ஊர் இந்தியாவோடு சேர்ந்தபோது தங்களுக்குப் பிரெஞ்சுக் குடியுரிமையே இருக்கட்டும் என்று எழுதிக்கொடுத்தவர்கள். மாப்பிள்ளை பாலகுருவும் பிரான்சில் பட்டாளத்தில் இருந்தார். அவருடைய அப்பா உயிரோடு இல்லை. அம்மா காசியம்மா மட்டும் காரைக்காலில் இருந்தார். "உன் அதிர்ஷ்டத்தைப் பாருடி அல்லி, பிளேன்ல போகப்போறே," என்று மாமா என் தலையில் கைவைத்தார். கேட்டவர்களிடமெல்லாம், மூத்தவள் டைபாய்டில் போய்விட்டாள் என்று சொன்னார். எதற்கு டைபாய்டு என்று நானும் கேட்கவில்லை, அம்மாவும் கேட்கவில்லை. பேய் என்பதற்கு டைபாய்டு மேல் என்றுதான் நினைத்தோம்.

1984 ஆவணியில் கல்யாணம். பாலகுரு இரண்டு மாத லீவு முடிந்து கிளம்பினார். பேப்பர் சரியானதும் நானும் பிரான்சுக்குப் போகவேண்டும். அதுவரை காசியம்மா அத்தை வீட்டில் இருந்தேன்.

அடுத்த தை மாதம் என் வயிறு பெருத்தது. தீட்டும் வரவில்லை. அத்தைக்குத் தலைகால் புரியவில்லை. மகன் ஊருக்குப் போய் மூன்று மாதம் என்று விரல்விட்டு எண்ணினார். "பையன்தான். பாரு, அதுக்குள்ள எப்படித் தள்ளிக்கிட்டு இருக்குன்னு," என்று எதிர்வீட்டுக்குக் கூப்பிட்டுக் காட்டினார். வளையல்காரரை வீட்டுக்கே வரச்சொல்லி அளவு பார்த்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை. கால் இரண்டும் வீங்கின. பிள்ளைத்தாய்ச்சிக்கு அப்படித்தான் என்றார்கள். கண் மஞ்சளானதும்தான் அத்தைக்குச் சந்தேகம் வந்தது. டவுனில் புதிதாகக் கிளினிக் போட்டிருந்த டாக்டர் கபீரிடம் கூட்டிப்போனார்.

கபீருக்கு அப்போது முப்பது வயதுகூட இருக்காது. வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "அம்மா, இது பிள்ளை இல்லை. தண்ணி," என்றார். அத்தை முகம் செத்துப்போனது. அவர் டார்ச் லைட்டை எடுத்து என் கண்ணில் பக்கவாட்டில் அடித்தார். ரொம்ப நேரம் பார்த்தார். இன்னொரு கண்ணையும் பார்த்தார்.

"உங்க வீட்டுல வேற யாருக்காவது கை நடுக்கம், பேச்சுக் குழறல், மஞ்சக்காமாலை, இப்படி எதாவது வந்திருக்காம்மா?"

நான் அக்காவைப் பற்றிச் சொன்னேன். ஆரம்பித்ததிலிருந்து முடிந்தது வரை சொன்னேன். அத்தை பக்கத்தில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டே இருந்தார். டைபாய்டு என்ற பொய் அங்கேயே செத்தது.

"அவங்களுக்கு ஆஸ்பத்திரியில குடுத்த சீட்டு எதாவது இருக்கா?"

மறுநாள் காலை அம்மா மஞ்சள் தடவிய அந்த இரண்டு தாளையும் முந்தானையில் மூடி எடுத்துவந்தாள். கபீர் முதல் தாளைப் படித்தார். இரண்டாவது தாளைப் படித்தார். படித்துவிட்டுச் சட்டென்று நாற்காலியில் நிமிர்ந்தார்.

"இதை யாரும் உங்களுக்குப் படிச்சுச் சொல்லலையா?"

"எங்க அண்ணன் சொன்னாரு தம்பி. மருந்து பேருன்னு."

"மருந்து பேரு இல்லம்மா. இங்க பாருங்க, கோடு போட்டு எழுதியிருக்காங்க. 'இது பிறவி நோய். உடன்பிறந்தவர்களை உடனே பரிசோதிக்க வேண்டும். நோய் இருந்தால் அறிகுறி தெரியும் முன்பே மருந்து தொடங்க வேண்டும். உறவினரிடம் விளக்கிக் கூறப்பட்டது.' கீழே கையெழுத்து போட்டிருக்கு. உறவினர்னு ஒருத்தர் போட்டிருக்காரு."

அது நீலமேகம் மாமாவின் கையெழுத்து. எங்கள் ரேஷன் கார்டு விண்ணப்பத்தில், அப்பாவின் இறப்புச் சான்றில், என் பள்ளிக்கூடப் பாரத்தில் எல்லாம் பார்த்த அதே கையெழுத்து.

கபீர் பொறுமையாக விளக்கினார். நாம் சாப்பிடும் எல்லாவற்றிலும் துளி செம்பு இருக்கிறது. உடம்புக்கு வேண்டியது போக மிச்சத்தை ஈரல் வெளியே தள்ளிவிடும். இந்த வியாதிக்காரர்களின் ஈரலுக்கு அந்த வேலை தெரியாது. செம்பு சேர்ந்துகொண்டே போகும். முதலில் ஈரலில் சேரும், பிறகு மூளையில் சேரும், கண்ணில் கருவிழியைச் சுற்றி வளையமாகப் படியும். அக்காவுக்கு மூளைக்குப் போனது. எனக்கு ஈரலைத் தின்றிருந்தது. அப்பா அம்மா இரண்டு பேரிடமிருந்தும் பழுது வந்தால்தான் பிள்ளைக்கு வியாதி வரும், சொந்தத்தில் கட்டும்போது அது ஒன்று சேர வழி அதிகம் என்றார்.

"ஏழு வருஷத்துக்கு முன்னாடி ஆரம்பிச்சிருந்தா?" என்று நான் கேட்டேன்.

அவர் எழுதிக்கொண்டிருந்த பேனாவை மூடினார். "தினமும் மாத்திரை சாப்பிட்டுக்கிட்டு எல்லாரையும் மாதிரி இருந்திருப்பீங்க," என்றார்.

அம்மா கிளினிக்கிலிருந்து நேராக மாமா வீட்டுக்குப் போனாள். நானும் கூடப் போனேன், நடக்க முடியாமல் சைக்கிள் ரிக்‌ஷாவில். ஞாயிற்றுக்கிழமை. மாமா சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அம்மா அவர் இலைக்கு எதிரே தாளைப் பிடித்தாள்.

"இதைப் படிண்ணே."

மாமா தாளைப் பார்த்தார். என் வயிற்றைப் பார்த்தார். சோற்றுக்கையை இலையிலேயே வைத்துக்கொண்டு அசையாமல் இருந்தார்.

"நான் உனக்கு நல்லது நினைச்சுத்தான் செஞ்சேன் அஞ்சுகம். ஒரு பொண்ணு போயிட்டா. இன்னொருத்திக்கும் அதே வியாதின்னு வெளிய தெரிஞ்சா எவன் கட்டுவான்? நம்ம குடும்பத்துல எந்தப் பொண்ணுக்கும் மாப்பிள்ளை வரமாட்டான். அந்த டாக்டரே சொன்னாரு, கூடப்பொறந்தவங்கள்ல நாலுல ஒருத்தருக்குத்தான் வரும்னு. வராமப் போயிருக்கலாம்ல?"

"நாலுல ஒருத்தர்." அம்மா அதை ஒரு தரம் மெதுவாகச் சொல்லிப் பார்த்தாள். "எம் பொண்ணை வச்சு நீ தாயம் உருட்டுனியா?"

அவள் குனிந்து அந்த இலையை இரண்டு கையாலும் வாரிச் சுருட்டி, சோறும் குழம்புமாக அவர் வெள்ளைச் சட்டைமேல் எறிந்தாள். அத்தனை வருஷத்தில் அம்மா அவர் எதிரே உட்கார்ந்துகூட நான் பார்த்ததில்லை. வீட்டுக்கு வந்து, தன் கல்யாணச் சீராக வந்த செப்புக்குடத்தைத் தூக்கிக் குளத்துப் படிக்கட்டில் போட்டு நசுக்கினாள். குடத்தால் வந்தது இல்லை, ரத்தத்தில் வந்தது என்று டாக்டர் சொல்லியும் கேட்கவில்லை. "இதுலதானே ரெண்டுக்கும் தண்ணி மோந்து குடுத்தேன், இதுலதானே," என்று கல்லால் குத்திக்கொண்டே இருந்தாள்.

பாலகுருவுக்கு நானே எழுதினேன், ஒன்றையும் மறைக்காமல். பதில் கடிதத்துக்கு முன்னால் மாத்திரை வந்தது. பிரான்சிலிருந்து வந்த யாரிடமோ கொடுத்து அனுப்பியிருந்தார். நாலு மாதம் சாப்பிட்டேன். வயிற்றில் ஊசி குத்தித் தண்ணீர் எடுப்பார்கள், பத்து நாளில் மறுபடி நிறையும். பாண்டிச்சேரியில் ஒரு பெரிய டாக்டரிடம் கபீரே கூட்டிப்போனார். அவர் பார்த்துவிட்டு, "மருந்து வேலை செய்ய ஈரல்ல கொஞ்சமாவது மிச்சம் இருக்கணும். இங்க அதுவும் இல்லை. வெளிநாட்டுல ஈரலையே மாத்தி வைக்கிறாங்க. நம்ம நாட்டுல அது இன்னும் வரலை," என்றார்.

"என்னோடதை எடுத்து வைங்க," என்றாள் அம்மா.

"அப்படி முடியாதும்மா. செத்துப்போனவங்க குடும்பம் சம்மதிச்சுக் குடுத்தாத்தான்."

காசியம்மா அத்தை என் பெட்டியை எடுத்து வாசலில் வைத்துவிட்டார். அவரைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. "ஒரே புள்ளைய வச்சிருக்கேன். வியாதியை மறைச்சு என் தலையில கட்டிட்டீங்களே. நீங்கள்லாம் மனுசங்களா?" என்று அம்மாவைக் கேட்டார். அம்மா தலையைக் குனிந்து என் பெட்டியைத் தூக்கிக்கொண்டாள். எங்களுக்கும் தெரியாது என்று சொன்னால் யார் நம்புவார்கள்? மாமா அந்தப் பக்கமே வரவில்லை.

ஆடி மாதம் பாலகுரு வந்தார். முதலில் தன் வீட்டுக்குப் போய்விட்டு, மறுநாள் கோட்டுச்சேரிக்கு வந்தார். நான் பாயில் கிடந்தேன். எலும்பும் வயிறுமாக இருந்தேன். அவர் உட்காரவில்லை.

"உனக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"உங்க அம்மாவுக்கு?"

"படிக்கத் தெரியாதுங்க."

 என்னை நம்புவதா வேண்டாமா என்று யோசிக்கிறார் என்று எனக்குத் தெரிந்தது. பட்டாளத்துக்காரர், அழத் தெரியாது. பிறகு சுவரோரமாக உட்கார்ந்து, "பாண்டியில பிரெஞ்சு கான்சல் ஆபீசுக்குப் போய்ட்டுத்தான் வர்றேன். அவங்க குடுத்த குடும்பப் புத்தகத்துல உன் பேரு என் சம்சாரம்னு பதிஞ்சிருக்கு. அங்க என் சம்சாரத்துக்கு வைத்தியம் பாத்தே ஆகணும். ஈரல் மாத்துற ஆஸ்பத்திரி பாரிசுக்குப் பக்கத்துல இருக்கு, விசாரிச்சுட்டேன்," என்றார். கிளம்பும்போது, "நீ பொழைச்சு வா. சண்டை அப்பறம் போட்டுக்கலாம்," என்றார்.

அப்படித்தான் நான் பிளேனில் போனேன். மாமா சொன்ன அதிர்ஷ்டம்.

ஆஸ்பத்திரியில் ஏழு வாரம் காத்திருந்தேன். பக்கத்துக் கட்டிலில் ஜமீலா என்று ஓர் அல்ஜீரியப் பெண். அவளுக்கும் ஈரல் வேண்டும், எனக்கும் அவளுக்கும் ஒரே ரத்தப் பிரிவு. அவளுக்கு மூன்று பிள்ளைகள். எனக்குப் பிரெஞ்சு தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது. இரண்டு பேரும் ஒருத்தி வயிற்றை ஒருத்தி காட்டிச் சிரித்துக்கொள்வோம். ஒரு புதன்கிழமை காலை என்னைத் தள்ளிக்கொண்டு போனார்கள். ஓர் ஈரல் வந்திருக்கிறது, என் நிலைமை மோசம், அதனால் எனக்கு என்று முடிவு செய்திருந்தார்கள். ஜமீலா என் கையைப் பிடித்து ஏதோ சொன்னாள். பதினோரு மணி நேரம் அறுத்தார்கள். நாலு நாள் கழித்துத்தான் எனக்கு நினைவு தெளிந்தது. மூன்று வாரம் கழித்துப் பழைய வார்டுக்குத் திரும்பியபோது பக்கத்துக் கட்டிலில் வேறு யாரோ இருந்தார்கள். பாலகுருவை விட்டுக் கேட்கச் சொன்னேன். அவர் கேட்டுவிட்டு வந்து, "அவங்களுக்குக் கிடைக்கலை," என்றார்.

பெரிய டாக்டர் ஒருநாள் என் கண்ணைப் பார்த்தார். வளையம் மெல்லக் கலைந்துவிடும் என்றார். புது ஈரலுக்குச் செம்பை வெளியே தள்ளத் தெரியும், அந்த வியாதி இனி உங்களுக்கு இல்லை என்றார். ஆனால் புது ஈரலை உடம்பு தின்றுவிடாமல் இருக்க ஆயுள் முழுவதும் வேறொரு மருந்து குடிக்கவேண்டும். இதையெல்லாம் பாலகுரு தமிழில் சொல்லிக்கொண்டே வந்தார். கடைசியில் டாக்டர் ஒன்று சொன்னதும் பாலகுரு நிறுத்திவிட்டார்.

"என்ன சொன்னாரு?"

"ஒண்ணும் இல்லை."

"சொல்லுங்க. எனக்குச் சொல்லாம விட்டது போதும்."

"சின்ன வயசுலயே கண்டுபிடிச்சிருந்தா இந்த ஆப்பரேஷனே தேவைப்பட்டிருக்காது, வருத்தமா இருக்குங்கறாரு."

அன்றைக்குத்தான் நான் அழுதேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று நினைத்து நர்ஸ் என் கன்னத்தைத் தட்டினாள். என் ஈரல் என்னிடமே இருந்திருந்தால் அந்தப் புதன்கிழமை வந்தது ஜமீலாவுக்குப் போயிருக்கும். மாமா ஒரு வரியை மடித்து வைத்தார். அதனால், அவர் பார்த்தே இராத ஒரு பெண்ணின் மூன்று பிள்ளைகள் தாய் இல்லாமல் போனார்கள். இதை எந்த மொழியில் அந்த நர்ஸுக்குச் சொல்வது?

1988 சித்திரையில் முதல் முறையாக ஊருக்கு வந்தேன். மருந்து குடித்து முகம் உப்பியிருந்தது, உதட்டுக்கு மேலும் தாடையிலும் முடி வளர்ந்திருந்தது. சொந்தக்காரப் பெண்கள் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒருத்தியை ஒருத்தி இடித்துக்கொண்டார்கள். எண்ணெய் மாதிரி இருக்கும் அந்த மருந்தைக் கண்ணாடி டம்ளரில் பாலோடு கலக்கி நான் குடிக்கும்போது, அதைப் பார்க்கவே ஒரு கூட்டம் வந்தது.

மூன்றாம் நாள் நீலமேகம் மாமா ஆப்பிள் பையோடு வந்தார். தலை நரைத்திருந்தது. கூடத்தில் இருபது பேர் இருந்தார்கள். அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை. மாமா என் தலையில் கைவைத்துவிட்டுக் கூட்டத்தைப் பார்த்துச் சொன்னார்:

"என்னைத் திட்டாத ஆளு இல்லை. ஆனா ஒண்ணு யோசிச்சுப் பாருங்க. அன்னைக்கு நான் வாயைத் தொறந்திருந்தா இந்தக் கல்யாணம் நடந்திருக்குமா? பிரெஞ்சுக்கார மாப்பிள்ளை கிடைச்சிருப்பாரா? இவ பாரிசுக்குப் போய்ப் பொழைச்சிருப்பாளா? கடவுள் எதை எதுக்குச் செய்ய வைக்கிறாருன்னு நமக்குத் தெரியாது."

இரண்டு மூன்று தலைகள் ஆமாம் என்று அசைந்தன.  நான் அந்த ஆப்பிள் பையை வாங்கி ஓரமாக வைத்தேன். அன்று இரவு முழுவதும் எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தேன் என்று எழுத வெட்கமாக இருக்கிறது. அந்த இடத்தில் சொல்லியிருக்க வேண்டும்.

மறுநாள் மாமா மகள் குமுதவல்லி என்னைப் பார்க்க வந்தாள். என் வயதுதான். இரண்டு பிள்ளைக்காரி, வெள்ளந்தி. என் வயிற்றுத் தழும்பைத் தொட்டுப் பார்த்துவிட்டு, அங்கே என்னென்ன டெஸ்ட் எடுத்தார்கள் என்று கேட்டாள். ரத்தம், கண், அப்புறம் ஒருநாள் பூராவும் போகிற மூத்திரத்தைப் பாட்டிலில் சேர்த்துக் கொடுக்கவேண்டும், அதில் எவ்வளவு செம்பு போகிறது என்று பார்ப்பார்கள் என்றேன்.

அவள் சிரித்தாள். "அய்யோ, அதேதான் எங்களுக்கும்! நானும் தம்பியும் நாள் பூரா பாட்டிலைத் தூக்கிக்கிட்டு அலைஞ்சோம். தம்பி பாதியைக் கீழ கொட்டிட்டு அப்பாகிட்ட அடி வாங்குனான்."

"எப்ப?"

"அப்பா பாண்டிச்சேரிக்குக் கூட்டிட்டுப் போனாங்கல்ல. நீலா அக்கா செத்த அடுத்த மாசம், மாசியில. யார்கிட்டயும் சொல்லக்கூடாதுன்னு சாமி படத்து மேல சத்தியம் வாங்கிக்கிட்டாங்க. எங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு வந்ததும் ஆளுக்கு ஒரு கோன் ஐஸ்..."

என் முகத்தைப் பார்த்ததும் அவள் நிறுத்திவிட்டாள். அடுப்படி வாசலில் அம்மா நின்றுகொண்டிருந்தாள்.

அக்கா செத்தது தை. அவர் தன் பிள்ளைகளை பஸ்ஸில் ஏற்றியது மாசி. பாண்டிச்சேரி பஸ் காரைக்காலிலிருந்து கோட்டுச்சேரி வழியாகத்தான் போகும். எங்கள் தெருமுனையில் அது நின்று கிளம்பியிருக்கும்.

நானும் அம்மாவும் பட்டப்பகலில் மாமா வீட்டுக்குப் போனோம். வாசலில் பந்தல்காரன் அளந்துகொண்டிருந்தான். மாமா மகனுக்கு வைகாசியில் கல்யாணம். மாமா எழுந்து, "வாங்க, வாங்க," என்றார்.

"மாமா, உங்க பிள்ளைங்களுக்கு மூத்திர டெஸ்ட் எடுக்கப் பாண்டிக்குக் கூட்டிட்டுப் போனீங்களே, அன்னைக்கு பஸ்ஸுல எனக்கு ஒரு சீட்டு இல்லையா?"

அவர் உட்கார்ந்துவிட்டார். மாமி உள்ளேயிருந்து எட்டிப்பார்த்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் போய்விட்டாள்.

"பயந்துட்டேம்மா," என்றார் மாமா. "என் பிள்ளைங்களுக்கும் இருக்குமோன்னு பயந்துட்டேன்."

"அந்தப் பயம் எனக்காக ஒரு நாளாவது வந்துச்சா? ஏழு வருஷம். எத்தனை பொங்கலுக்கு எங்க வீட்டுல வந்து சாப்பிட்டீங்க? ஒவ்வொரு தடவையும் என் கையைப் பாத்திருப்பீங்களே, நடுங்குதான்னு? பாத்தீங்களா இல்லையா?"

 பார்த்திருக்கிறார். எனக்கு ஞாபகம் வந்தது, நான் காப்பி கொண்டுவந்து கொடுக்கும்போதெல்லாம் அவர் என் முகத்தைப் பார்க்காமல் டம்ளரையே பார்ப்பார்.

"கல்யாணம் பண்ணி வச்சுப் பொழைக்க வச்சேன்னு இனிமே ஒருத்தர்கிட்ட சொன்னீங்க..." என்று ஆரம்பித்தேன், முடிக்கவில்லை. அம்மா என் கையைப் பிடித்தாள். "வா. இந்த ஆளு எனக்கு அண்ணன் இல்லை. எனக்கு அண்ணனே பொறக்கலை," என்றாள். சத்தமே போடவில்லை. பந்தல்காரன் அளவு நாடாவைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றான்.

இரண்டு நாள் படுத்தே கிடந்தேன். மூன்றாம் நாள் டாக்டர் கபீரிடம் போனேன். அவர் சொன்னது, "கோபப்படுங்க, அல்லி. ஆனா உங்க அப்பா அம்மா ரெண்டு பேருமே ஒரே குடும்பம். அந்தக் குடும்பத்துல இன்னும் எத்தனை பிள்ளைங்க இருக்கு? அதுங்களுக்கு யாரு சொல்றது?"

நான்தான் சொன்னேன். கோட்டுச்சேரியில் ஆறு வீடு, காரைக்கால் டவுனில் மூன்று, போலகத்தில் இரண்டு. ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து, அக்கா எதில் செத்தாள், எனக்கு எது வந்தது, பிள்ளைகளுக்கு என்ன பார்க்கவேண்டும் என்று சொன்னேன். சில வீட்டில் காப்பி கொடுத்து அனுப்பினார்கள். சில வீட்டில் நான் பேசி முடிக்கும் முன்பே பெண்பிள்ளைகளை உள்ளே போகச்சொன்னார்கள். மாமா ஆள் விட்டு அனுப்பினார்: சம்பந்தி வீட்டுக்குச் செய்தி போய்விட்டது, கல்யாணம் நின்றுவிடும் போலிருக்கிறது, அவள் வாயை மூடச்சொல். அவர் பையனுக்கு வியாதி இல்லை, நானே வேண்டுமானால் எழுதித் தருகிறேன் என்று சொல்லியனுப்பினேன். வாயை மூட மாட்டேன் என்றும் சொன்னேன்.

போலகத்தில் இருப்பது அப்பாவின் தம்பி மகன் சுப்பையன் அண்ணன். அவரும் தன் அக்கா மகளைக் கட்டியவர். ஒன்பது வயதில் செண்பகம் என்று ஒரு பெண். நான் சொல்லி முடித்ததும் அண்ணன் வாசலைக் காட்டினார். "உன் வயிறு எரியுதுன்னு எங்க வீட்டுல வந்து கொள்ளி வைக்கிறியா? எம் பொண்ணு கல்லு மாதிரி இருக்கா. போ வெளியே." அண்ணி பின்னாலேயே ஓடிவந்து என் செருப்பைத் தெருவில் வீசினாள்.

நான் பிரான்சுக்குத் திரும்ப ஒரு வாரம் இருக்கும்போது கபீர் சொல்லியனுப்பினார். கிளினிக்கில் சுப்பையன் அண்ணனும் செண்பகமும் உட்கார்ந்திருந்தார்கள். வீட்டில் ஒருவருக்கும் தெரியாமல் அண்ணனே கூட்டிவந்து ரத்தமும் மூத்திரமும் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். முடிவு வந்திருந்தது.

"பொண்ணுக்கு இருக்கு," என்றார் கபீர். "ஆனா கண்ணு சுத்தமா இருக்கு, ஈரலும் இன்னும் கெடலை. மாத்திரை எழுதித் தர்றேன். மாசாமாசம் வந்து காட்டணும். ஆயுசுக்கும் ஒருநாள்கூட நிறுத்தக்கூடாது."

"மாத்திரை மட்டுமா டாக்டர்?" என்று கேட்டார் அண்ணன். "அறுக்க வேண்டாமா?"

"வேண்டாம். இவ்வளவுதான்."

அண்ணன் துண்டை வாயில் அடைத்துக்கொண்டு அழுதார். என்னைப் பார்த்துக் கை எடுத்துக் கும்பிட்டார். செண்பகம் சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு நிம்மதியாக இருக்கும் என்று நினைத்தேன். இல்லை. போலகத்திலிருந்து ஒரு பஸ், ஒரு பாட்டில், ஒரு சீட்டு. இவ்வளவுதான். இவ்வளவுதான் என் மாமாவிடம் அந்த மெட்ராஸ் டாக்டர் எழுதிக் கையெழுத்து வாங்கிக்கொண்டு கொடுத்தது. அந்த அறையில் இருந்த நாற்காலியைத் தூக்கி எதன்மேலாவது அடிக்கவேண்டும் போல இருந்தது.

செண்பகத்தின் தலையைத் தடவிவிட்டு வெளியே வந்தேன். நிரவியில் அப்பாவின் அத்தை வழியில் இரண்டு பையன்கள் இருக்கிறார்கள், இன்னும் சொல்லவில்லை. மணி நாலரை. நிரவி பஸ் எங்கே நிற்கும் என்று பூக்காரியிடம் கேட்டுக்கொண்டு நடந்தேன்.